முதல் தலைமுறை எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்: பழைய கார்களின் சென்சார்களை மாற்றியமைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்தக் கார்களைப் பற்றியது?

என்ஜினுக்குள் பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும், பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், எல்-ஜெட்ரானிக் ஆகிய இரண்டு அமைப்புகளைக் கொண்ட கார்களைப் பற்றியது. அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனம் 1950-களில் எலெக்ட்ரோஜெக்டர் என்ற அமைப்பை உருவாக்கி, 1958 மாடல் கிறைஸ்லர் குழுமக் கார்கள் சிலவற்றில் பொருத்திப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. அந்தக் காப்புரிமைகளின் அடிப்படையில் பாஷ் மேம்படுத்திய டி-ஜெட்ரானிக் 1967-இல் அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. பிறகு வால்வோ 1800 இ, சிட்ரோயன் டிஎஸ் 21, சாப் 99, போர்ஷே 914, மெர்சிடிஸின் வி8 கார்கள் என்று பரவியது. எல்-ஜெட்ரானிக் 1970-களின் நடுவில் அதன் இடத்தைப் பிடித்தது. டாட்சன் 280 இசட், 1975 அமெரிக்க மாடல் பீட்டில் ஆகியவை அதைப் பயன்படுத்தின. 1974 மாடல் போர்ஷே 914-இல் 1.8 லிட்டர் என்ஜினுக்கு எல்-ஜெட்ரானிக்கும் 2.0 லிட்டர் என்ஜினுக்கு டி-ஜெட்ரானிக்கும் பொருத்தப்பட்டன. ஆகவே காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் வைத்து எந்த அமைப்பு என்று முடிவு செய்யாமல், என்ஜின் அறையைத் திறந்து பார்ப்பதே சரி. காற்று வடிகட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் பெட்டி போன்ற ஏர் ஃப்ளோ மீட்டர் இருந்தால் அது எல்-ஜெட்ரானிக். அது இல்லாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் உருளை வடிவ உலோக சென்சாருக்குப் போனால் அது டி-ஜெட்ரானிக்.

இந்த அமைப்புகளில் சென்சாரை மாற்றியமைப்பது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இ.சி.யூ.-வையே மாற்றி எழுத முடியாதா?

எழுத முடியாது, ஏனெனில் உள்ளே எழுதப்பட்ட நிரல் என்று எதுவும் இல்லை. இவை கார்களுக்குள் மைக்ரோபிராசசர் வருவதற்கு முந்தைய அனலாக் கருவிகள். டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. அந்த முடிவுக்கு ஆதாரம் சென்சார்கள் தரும் மின்சமிக்ஞைகள் மட்டுமே. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இல்லாத ஆரம்பகால வடிவங்களில், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சரியாக எரிந்ததா என்று திரும்பிப் பார்க்கும் வழியும் இ.சி.யூ.-வுக்குக் கிடையாது. சென்சார் என்ன சொல்கிறதோ அதை அப்படியே நம்பும்.

ஒரு சென்சாரை மாற்றியமைப்பது என்பது இ.சி.யூ.-விடம் திட்டமிட்டு ஒரு பொய்யைச் சொல்வதுதான். அந்தப் பொய் குளிர்ந்த என்ஜினில் எவ்வளவு, சூடான என்ஜினில் எவ்வளவு, மெதுவாக ஓடும்போது எவ்வளவு, முழுச் சுமையில் எவ்வளவு என்பது நாம் தொடும் சென்சாரைப் பொறுத்து வேறுபடுகிறது. எனவே "கலவையை (அதாவது அதிலுள்ள பெட்ரோலை) எப்படிக் கூட்டுவது" என்ற கேள்விக்கு முன்பாக, "எந்த நிலையில் கூட்ட வேண்டும்" என்பதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

எதையும் மாற்றுவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதற்கு நேரம் இருந்தால், இதைப் படிக்கவும். ஐம்பது ஆண்டு பழைய காரில் கலவை தவறியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாஷ் பொறியாளர்களின் கணக்கு அல்ல. ஏதோ ஒரு பாகம் பழுதடைந்திருப்பதே. பழுதை அப்படியே விட்டுவிட்டு சென்சாரை மாற்றினால், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஒரு வேகத்தில் மட்டும் ஈடுகட்டி, மற்ற எல்லா வேகங்களிலும் தொல்லை தரும்.

முதலில் பெட்ரோல் அழுத்தம். டி-ஜெட்ரானிக்கில் பொதுவாக 2.0 பார் இருக்க வேண்டும், எல்-ஜெட்ரானிக்கில் பெரும்பாலான கார்களில் 2.5 பார், உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்ணே இறுதியானது. டி-ஜெட்ரானிக் ரெகுலேட்டரில் திருகி மாற்றக்கூடிய அமைப்பு இருப்பதால், இடையில் யாராவது அதைத் திருகியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது காற்றுக் கசிவு. எல்-ஜெட்ரானிக்கில் மீட்டருக்குப் பின்னால் நுழையும் காற்று கணக்கில் வராது என்பதால், ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு, சரியாக மூடாத எண்ணெய் மூடி, முழுவதும் இறங்காத டிப்ஸ்டிக் ஆகியவைகூட கலவையை லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கிவிடும். டி-ஜெட்ரானிக்கில் கசிவு வேறு விதமாக வெளிப்படுகிறது: மேனிஃபோல்டு அழுத்தம் உயர்வதால் இ.சி.யூ. கூடுதல் பெட்ரோல் கொடுத்து, ஐடில் வேகம் ஏறுகிறது. அதன் பின் வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், இன்ஜெக்டர்கள் சமமாகத் தெளிக்கின்றனவா என்ற சோதனை.

கடைசியாக, மிகவும் அலட்சியப்படுத்தப்படும் ஒன்று: ஒயரிங். களிம்பேறிய ஒரு கனெக்டர் 100 ஓம் மின்தடையைக் கூட்டினால், அதுவே வெப்பநிலை சென்சாரில் நாம் செய்யத் திட்டமிட்டிருக்கும் மாற்றம், நம்மைக் கேட்காமலே நடந்துவிட்டது. ஆகவே சென்சாரின் மின்தடையை சென்சார் முனையில் மட்டும் அளந்தால் போதாது. இக்னிஷனை அணைத்து, இ.சி.யூ. பிளக்கைக் கழற்றி, அந்த முனையிலிருந்து முழுச் சுற்றையும் அளக்க வேண்டும். டி-ஜெட்ரானிக் பிளக்கில் 25 முனைகளும் எல்-ஜெட்ரானிக் பிளக்கில் 35 முனைகளும் உண்டு. மல்டிமீட்டரின் ஊசியை முனைகளின் வாய்க்குள் திணித்தால் அவை அகன்றுவிடும்; பக்கவாட்டு மூடியைத் திறந்து பின்புறத்திலிருந்து தொடுவதே பாதுகாப்பானது.

கூலன்ட் வெப்பநிலை சென்சாரில் ஒரு மின்தடையைச் சேர்த்தால் போதும் என்கிறார்கள். அது உண்மையா?

ஓரளவு உண்மை. டாட்சன் 280 இசட் வைத்திருப்பவர்களிடையே இது மிகப் பரவலான வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு: இரண்டு ஒயர் கொண்ட எளிய சென்சார், கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம், செலவும் மிகக் குறைவு.

சென்சாரின் உள்ளே இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். 280 இசட்டின் சர்வீஸ் புத்தகப்படி 20 டிகிரி செல்சியஸில் 2,100 முதல் 2,900 ஓம் வரையும், 80 டிகிரியில் 270 முதல் 390 ஓம் வரையும் இருக்க வேண்டும். மற்ற பல பாஷ் கார்களிலும் ஏறத்தாழ இதே அளவுகள்தான். மின்தடை அதிகம் என்றால் என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று இ.சி.யூ. பொருள் கொண்டு, இன்ஜெக்டரை அதிக நேரம் திறக்கிறது.

இப்போது சென்சாருடன் தொடராக 200 ஓம் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 2,500 ஓமாக இருந்தது 2,700 ஓம் ஆகிறது, இ.சி.யூ.-வின் பார்வையில் இது ஏறத்தாழ 18 டிகிரி, அதாவது மாற்றமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் 80 டிகிரியில் 320 ஓம் என்பது 520 ஓம் ஆகிறது, இ.சி.யூ. அதை 64 டிகிரிக்கு அருகில் என்று வாசிக்கிறது. எனவே தொடர் மின்தடை குளிர்ந்த என்ஜினை ஏறக்குறையத் தொடாமல், சூடான என்ஜினில் மட்டும் கலவையைக் கூட்டுகிறது. சூடானபின் எல்லா வேகங்களிலும் கொஞ்சம் லீனாக ஓடும் காருக்கு இது பொருந்தும் வடிவம்.

பொருந்தாத இடமும் இதே கணக்கில் தெரிகிறது. முழுச் சுமையில் மட்டும் லீனாகிற காருக்கு இந்த வழியைப் பயன்படுத்தினால், ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் தேவையற்ற பெட்ரோல் எரியும், பிளக்குகள் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவர்களில் எண்ணெய்ப் படலம் கழுவப்படும். குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் காருக்கும் இது உதவாது. அந்தப் பொறுப்பு தனியாக உள்ள கோல்டு ஸ்டார்ட் இன்ஜெக்டருக்கும் அதை இயக்கும் தெர்மோ டைம் சுவிட்சுக்கும் உரியது. அந்த சுவிட்சின் ஆறுகோண முகத்தில் எந்த வெப்பநிலை, எத்தனை விநாடி என்பது பொறிக்கப்பட்டிருக்கும்.

நேர்மாறாக, கலவையைக் குறைக்க வேண்டுமானால்?

சென்சாருக்கு இணையாக ஒரு மின்தடையை வைக்கலாம். ஆனால் வடிவம் தலைகீழாகும். 2,200 ஓம் மின்தடையை இணையாக வைத்தால், 20 டிகிரியில் 2,500 ஓம் சென்சார் 1,170 ஓமாகத் தோன்றும், இ.சி.யூ. அதை 40 டிகிரி என்று நினைக்கும். 80 டிகிரியிலோ 320 ஓம் 280 ஓம் ஆகிறது, வேறுபாடு 5 டிகிரி மட்டும். ஆகவே இது சூடாகும் வரை அதிகமாகப் புகை தள்ளும் காருக்கான வழி. சூடான என்ஜினில் ரிச்சாக (பெட்ரோல் மிகுதியாக) இருக்கும் காருக்கு இதனால் பயன் இல்லை. அத்தகைய காரில் பெட்ரோல் அழுத்தத்தையும், ஒழுகும் இன்ஜெக்டரையும், டி-ஜெட்ரானிக்காக இருந்தால், கீழே விளக்கப்படும் பிரஷர் சென்சாரின் சவ்வையும் தேடிப் போவதே முறை.

நிலையான மின்தடைக்குப் பதிலாக, திருகி மின்தடையை மாற்றக்கூடிய பொட்டென்ஷியோமீட்டரை நிரந்தரமாகவே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். சரியான எண்ணைக் கண்டுபிடிக்கும் வரை அது நல்ல கருவி. ஆனால் அதன் உள்ளே நகரும் தொடுமுனை ஒரு கணம் விலகினாலும் சுற்று திறந்துவிடும்; திறந்த சுற்று என்பது முடிவற்ற மின்தடை, அதாவது இ.சி.யூ.-வின் பார்வையில் கடுங்குளிர். அந்த நொடியில் என்ஜின் பெட்ரோலில் மூழ்கி நின்றுவிடும். தேவையான அளவு தெரிந்ததும் அதே மதிப்புள்ள மெட்டல் ஃபிலிம் மின்தடையை, இருபுறமும் கனெக்டர் வைத்த சிறிய இணைப்புக் கம்பியில் சால்டர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டுப் பொருத்த வேண்டும். அசல் ஒயரிங்கை வெட்டாதீர்கள். அந்த ஒயரிங் கட்டுகள் இனி தயாரிக்கப்படப் போவதில்லை.

இந்த முறையை ஒட்டுவேலை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல்: போர்ஷே 914 2.0-இன் சில மாடல்களில் கூலன்ட் சென்சாரின் இடத்தில் இருக்கும் சிலிண்டர் ஹெட் வெப்பநிலை சென்சாருடன் தொடராக 270 ஓம் மின்தடையைத் தொழிற்சாலையே வைத்து அனுப்பியது.

காற்று வெப்பநிலை சென்சாரில் மாற்றம் செய்வது இதைவிட மேலானதா?

சிறிய திருத்தங்களுக்கு மேலானது என்பதே என் கருத்து. கூலன்ட் சென்சார் என்ஜின் சூடாவதற்கான கூடுதல் பெட்ரோலை ஆள்வதால், அதைத் தொட்டால் அந்தப் பணியும் சேர்ந்து மாறுகிறது. காற்று வெப்பநிலை சென்சாரின் பணி அடர்த்தித் திருத்தம் மட்டுமே. அதன் ஆளுகை குறுகியது: காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3.4 சதவீதம்தான் கூடும். எல்-ஜெட்ரானிக்கின் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் உள்ள மடல் காற்றின் தள்ளுவிசையை அளப்பதால் அங்கே தேவைப்படும் திருத்தம் அதிலும் ஏறத்தாழப் பாதி. ஆகவே இரண்டு மூன்று சதவீதம் மட்டும், எல்லா நிலைகளிலும் சீராக, கலவையைக் கூட்ட விரும்புபவர் இங்கே தொடங்கலாம். டி-ஜெட்ரானிக்கில் இந்த சென்சார் 20 டிகிரியில் சுமார் 300 ஓம் மட்டுமே என்பதால், கூலன்ட் சென்சாருக்குப் பயன்படுத்தும் 200 ஓம் இங்கே மிகப் பெரிய மாற்றம். எல்-ஜெட்ரானிக்கில் சென்சார் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதன் மதிப்பை அளந்து பார்த்துவிட்டே மின்தடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டி-ஜெட்ரானிக்கின் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரைத் திறந்து சரிசெய்யலாமா?

செய்யலாம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு. அதன் உள்ளே காற்று நீக்கி மூடப்பட்ட மெல்லிய உலோகக் குமிழ்கள் உள்ளன. மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும்போது அவை சுருங்கி, ஓர் இரும்பு உள்ளகத்தைக் கம்பிச் சுருள்களுக்குள் தள்ளுகின்றன. அதனால் மின்தூண்டல் கூடி, இன்ஜெக்டர் துடிப்பின் நீளம் அதிகரிக்கிறது. குமிழ்கள் வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், வெற்றிடத்திலிருந்து கணக்கிடும் அழுத்தத்தையே அளப்பதால் மலையேறும்போது உயரத்துக்கான திருத்தமும் தானாக நடக்கிறது. 1960-களின் தொழில்நுட்பத்தில் இவ்வளவு நுட்பமான வேலை நடந்திருப்பதைத் திறந்து பார்க்கிற எவரும் வியக்காமல் இருக்க முடியாது.

பிந்தைய வகைகளில் முழுச் சுமையின்போது மேலும் பெட்ரோல் கொடுப்பதற்காக ஒரு மெல்லிய உலோகச் சவ்வு சேர்க்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் மேனிஃபோல்டு, மறு பக்கம் வெளிக்காற்று. பல்லாண்டு அசைவில் இந்தச் சவ்வு வெடிக்கிறது. வெடித்ததும் உள்ளே வெளிக்காற்று புகுந்து, எப்போதும் முழுச் சுமை என்ற செய்தி இ.சி.யூ.-வுக்குப் போகிறது, கார் கரும்புகை தள்ளி, பெட்ரோலைக் குடிக்கிறது. சோதிப்பது எளிது: கையால் இயக்கும் வேக்குவம் பம்பை இணைத்து ஏறத்தாழ அரை பார் வரை இழுத்து, முள் சில நிமிடங்கள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சவ்வை மாற்றாமல் திருகாணியைத் தொடுவதில் பயனில்லை. மின்சோதனைக்கு, முதன்மைச் சுருள் சுமார் 90 ஓமும் இரண்டாம் சுருள் சுமார் 350 ஓமும் காட்ட வேண்டும். எந்த முனைக்கும் உறைக்கும் இடையில் தொடர்பு இருக்கக் கூடாது. சோதிக்கும் ஆர்வத்தில் சுருளுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துவிட வேண்டாம், அது எரிந்துபோகும்.

சரிசெய்யும் திருகுகள் தொழிற்சாலையில் எபாக்ஸியால் மூடப்பட்டவை. ஒன்றைத் திருகினால் பகுதிச் சுமையின் கலவையும், மற்றொன்றைத் திருகினால் முழுச் சுமையில் சவ்வு நகரும் எல்லையும் மாறும், ஆனால் ஒன்றின் மாற்றம் மற்றொன்றையும் கொஞ்சம் பாதிக்கும். ஆகவே முதல் திருகைத் தொடும் முன்னரே, சென்சாரை மேசையில் வைத்து, வெவ்வேறு வேக்குவம் அளவுகளில் முதன்மைச் சுருளின் மின்தூண்டலை எல்.சி.ஆர். மீட்டரால் அளந்து ஒரு வரைபடம் எழுதிவைக்க வேண்டும். பிறகு எவ்வளவு திருகினாலும், தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் வழி கையில் இருக்கும். வரைபடம் இல்லாமல் திருகப்பட்ட சென்சார்கள் நிறைய இன்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் அசல் அளவு எவருக்கும் தெரியாது. சென்சாரின் பாக எண் உங்கள் என்ஜினுக்குரியதா என்பதையும் பாருங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி அளவமைப்பு கொண்டது.

எல்-ஜெட்ரானிக் ஏர் ஃப்ளோ மீட்டரில் சுருள்வில்லைத் தளர்த்துவது எப்படிப்பட்ட மாற்றம்?

மீட்டரின் கருப்பு மூடியைக் கவனமாகக் கீறித் திறந்தால் பல் வைத்த ஒரு சக்கரமும், அதைப் பூட்டும் கம்பியும், சக்கரத்தோடு இணைந்த சுருள்வில்லும் தெரியும். உள்ளே வரும் காற்று மடலைத் தள்ள, வில் அதை எதிர்க்கிறது. வில்லைத் தளர்த்தினால் அதே காற்றுக்கு மடல் அதிகம் திறந்து கலவை ரிச் ஆகும். இறுக்கினால் லீன் ஆகும்.

வில்லின் தாக்கம் முழு வீச்சிலும் பரவியது. எனவே பெரிய இன்ஜெக்டர் பொருத்தியவர்கள், வேறு காரின் மீட்டரைப் பயன்படுத்துபவர்கள் ஆகியோருக்கு இது சரியான வழி. ஐடிலை மட்டும் சரிசெய்ய நினைப்பவருக்கு மீட்டரின் ஓரத்தில் பைபாஸ் திருகு இருக்கிறது. அது மடலைச் சுற்றிப்போகும் சிறிய காற்றுவழியைக் கட்டுப்படுத்துவதால், ஐடிலில் வலுவாகவும், காற்றோட்டம் கூடும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் செயல்படும்.

சக்கரத்தின் அசல் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பல் மட்டும் நகர்த்தவும். பூட்டுக் கம்பியை எடுத்ததும் வில் முழுவதுமாக அவிழ்ந்துவிடக் கூடும் என்பதால் சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

வில் சரியாக இருந்தும் ஒரே வேகத்தில் கார் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஏன்?

அநேகமாக கார்பன் தடம் தேய்ந்திருக்கும். மடலோடு நகரும் தொடுமுனை, நீண்ட சாலைப் பயணங்களில் ஒரே இடத்திலேயே பல ஆயிரம் மணி நேரம் அதிர்ந்து அங்கே பள்ளம் விழச் செய்கிறது. தொடுமுனைக் கையை மிக மெல்ல வளைத்தோ, தடம் பதித்த பலகையைச் சற்று நகர்த்தியோ, தொடுமுனை தேயாத புதிய பாதையில் ஓடும்படி செய்யலாம். நான் பரிந்துரைக்கும் சென்சார் மாற்றங்களில் பக்கவிளைவு எதுவும் இல்லாதது இது ஒன்றே. டி-ஜெட்ரானிக்கில் இதே அறிகுறி த்ராட்டில் சுவிட்சின் பலகை தேய்ந்ததால் வரும். அதன் தடங்கள் த்ராட்டில் திறக்கும்போது கூடுதல் பெட்ரோலுக்கான துடிப்புகளைத் தருபவை; தேய்ந்த இடத்தில் அவை தேவையின்றித் துடிக்கின்றன.

மடல் வைத்த மீட்டரை எடுத்துவிட்டு, சூடான கம்பியால் காற்றை அளக்கும் நவீன ஹாட் வயர் மீட்டரைப் பொருத்தலாமா?

இடையில் சமிக்ஞையை மொழிபெயர்க்கும் ஒரு மின்னணுக் கருவி இருந்தால் முடியும். ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து உண்டு. 1975, 1976 மாடல் 280 இசட் உள்ளிட்ட ஆரம்பகாலக் கார்களில் பெட்ரோல் பம்பை நிறுத்தும் பாதுகாப்புத் தொடுமுனை ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்தான் இருக்கிறது. விபத்தில் என்ஜின் நின்றால் காற்றோட்டம் நின்று, மடல் மூடி, பம்ப் அணைந்துவிடும். மீட்டரை நீக்கி, பம்பை இக்னிஷனிலிருந்து நேரடியாக ஓடவைத்தால், கவிழ்ந்து கிடக்கும் காரில் கிழிந்த குழாய் வழியாக பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இக்னிஷன் துடிப்பு நின்றதும் அணையும் ரிலேயும், மோதலில் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்சும் வைக்காமல் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

மாற்றத்தின் விளைவை எப்படி அளப்பது? பிளக்கின் நிறம் போதாதா?

போதாது. புகையிலிருந்து கலவையின் விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சைலன்சர் குழாயில் ஒரு திருகுமுனையைப் பற்றவைத்து, ஈரம் தேங்காதபடி சென்சாரை மேல்நோக்கிய சாய்வில் பொருத்தி, வேலை முடிந்ததும் அடைப்பான் போட்டு மூடிவிடலாம். பெட்ரோல் அளவுகோலில் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று, எடையில்) முழுச் சுமைக்கு 12.5 முதல் 13, சீரான ஓட்டத்துக்கு 14 முதல் 14.7, ஐடிலுக்கு 13.5 முதல் 14 என்பவை பொதுவாகத் தொடங்கத் தகுந்த இலக்குகள். காற்றால் குளிரும் என்ஜின்களுக்குப் பெட்ரோலும் ஒரு குளிர்விப்பான் என்பதால், அவற்றில் லீன் பக்கம் துணிய வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், என்ஜின் முழுவதும் சூடான பிறகு, அதே சாலையில், அதே கியரில்; ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு சென்சார் மாற்றம் தேவையா?

இன்றைய நிலையில் சென்சார் மாற்றத்துக்கு இதைவிட நியாயமான காரணம் இல்லை. ஒரு பங்கு தூய பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 பங்கு காற்று தேவை. 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 14.1, 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. ஆக்சிஜன் சென்சார் இல்லாத பழைய அமைப்புக்கு டேங்கில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அது பழைய அளவையே தெளிக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள 10 சதவீதக் கலவையில் கார் 3 முதல் 4 சதவீதம் லீன் ஆகிறது. இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 சதவீதக் கலவையிலோ அது 7 முதல் 8 சதவீதம். முன்பே சிக்கனமாக அமைக்கப்பட்ட கார் இதில் இழுக்கத் திணறும்.

இந்தக் குறை எல்லா நிலைகளிலும் சம விகிதத்தில் இருப்பதால், திருத்தமும் சம விகிதத்தில் இருக்க வேண்டும். 10 சதவீதக் கலவைக்குக் காற்று வெப்பநிலை சென்சார் போதும். 20 சதவீதத்துக்கு, எல்-ஜெட்ரானிக்கில் வில்லைத் தளர்த்துவதும், இரண்டு அமைப்புகளிலும் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டுவதும் பொருத்தமானவை. தெளிக்கும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுவதால், 2.5 பாரை 2.75 ஆக்கினால் ஏறத்தாழ 5 சதவீதமும், 2.9 ஆக்கினால் ஏறத்தாழ 8 சதவீதமும் கிடைக்கும். வைட்பேண்ட் அளவியை இந்தக் கலவைகளில் லாம்டா அளவுகோலுக்கு (எந்த எரிபொருளுக்கும் சரியான விகிதம் 1 என்று காட்டுவது) மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக முதலில் மாற்றுங்கள். கலவையைவிட அது அவசரமானது.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையோ என்ஜின் கொள்ளளவையோ மாற்றியிருந்தால்?

எல்-ஜெட்ரானிக் உள்ளே வரும் காற்றையே அளப்பதால் ஓரளவு கொள்ளளவு உயர்வைத் தானே சமாளிக்கும். டி-ஜெட்ரானிக் சமாளிக்காது. அது அழுத்தத்தையும் வேகத்தையும் வைத்துக் காற்றை ஊகிக்கிறது. அந்த ஊகம் குறிப்பிட்ட கேம்ஷாஃப்டுக்கு மட்டுமே உண்மை. ஐடிலில் வேக்குவத்தைக் குறைக்கும் பந்தயக் கேம்ஷாஃப்டோடு டி-ஜெட்ரானிக்கைச் சேர்த்து ஓட்ட முயன்று, பிரஷர் சென்சாரை மாதக்கணக்கில் திருகுவதைவிட, அசல் கேம்ஷாஃப்டுக்குத் திரும்புவது நல்லது. அல்லது நிரல் எழுதக்கூடிய புதிய இ.சி.யூ.-வைப் பொருத்தி, கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் பெயரெழுதிப் பெட்டியில் பாதுகாக்கலாம்.

இந்த மாற்றங்களுக்குச் சட்டத் தடை உண்டா?

கார் ஓடும் நாட்டையும் மாநிலத்தையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை; 1976 முதல் உண்டு. ஆகவே வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத இரண்டு 280 இசட் கார்களில் ஒன்றில் செய்யக்கூடியதை மற்றொன்றில் செய்தால் சோதனையில் தோல்வியடையக்கூடும். சோதனைக்கு முன் மின்தடையைக் கழற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள், கழற்றிய நிலையிலும் கார் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடவில்லை என்றால், மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன பழுதுகளில் ஏதோ ஒன்று இன்னும் அங்கேயே இருக்கிறது.